பஸ்ஸில் எழுதிய பதினான்கு நாள்கள்

இன்று காலை ஆஸ்பத்திரியில் என் மேசைக்கு ஒரு ரொட்டிப் பை வந்தது. உள்ளே ரொட்டி இல்லை. கோலா பிலா பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வரும் ஓர் அங்கிள், தம்முடைய மாத்திரைக் குறிப்பேட்டை அதற்குள் போட்டு, வாயை முறுக்கி, ரப்பர் பேண்டு மாட்டிக் கொண்டுவந்திருந்தார். பிரித்ததும் பழைய ரொட்டி வாசமும் தைல வாசமும் ஒன்றாக வந்தன. என் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னா மிஸ்ஸி, நாறுதா?" என்றார்.

"இல்ல அங்கிள். நல்ல வாசம்."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பழைய ரொட்டியை நல்ல வாசம் என்று சொல்கிற ஆளிடமா ரத்தம் கொடுக்க வந்தோம் என்று நினைத்திருப்பார். நான் நர்ஸ் இல்லை, ஆய்வு ஒருங்கிணைப்பாளர் என்று நாலு முறை சொல்லியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் பேனா வைத்திருக்கும் பெண்கள் எல்லாரும் அவருக்கு மிஸ்ஸிதான்.

நீயும் உன் குறிப்பேட்டை ரொட்டிப் பையில்தான் கொண்டுவருவாய். எஸ்டேட்டு மழைக்கு அதைவிட நல்ல உறை இல்லை என்பாய். புது மருந்து ஒன்றைப் பரிசோதிக்கும் ஆய்வில் நீ சேர்ந்திருந்தாய். மாத்திரை போட்ட நேரத்தையும் அன்றைக்கு உடம்பு எப்படி இருந்தது என்பதையும் நாள்தோறும் எழுத அந்தச் சின்னப் புத்தகத்தைக் கொடுத்திருந்தார்கள். அந்த ஆய்வு நடந்த பிரிவில்தான் இன்று நான் வேலை பார்க்கிறேன். உன்னால் கிடைத்த வேலை. இதை இங்கே யாரிடமும் சொன்னதில்லை.

மம்பாவில் நான் இப்போது குடியிருக்கும் வீட்டில், துணி அலமாரியின் மேல்தட்டில், இன்னொரு ரொட்டிப் பை இருக்கிறது. உன் கருமாதி முடிந்த மறுநாள் உங்கம்மா என் கையில் கொடுத்தது. "அவ எழுதிக்கிட்டே இருந்தாம்மா. எனக்குப் படிக்கத் தைரியம் இல்ல. நீ வெச்சுக்க" என்றார். உள்ளே ஒரு பள்ளிக்கூட நோட்டு இருப்பது வெளியிலிருந்தே தெரியும். மூன்று ஆண்டுகளாக நான் அதைத் திறக்கவில்லை. உங்கம்மாவுக்காவது துக்கம். எனக்குப் பயம். நீ என்னோடு பேசாமல் இருந்த ஆறு வாரங்களும் அதற்குள் இருக்கும். அந்த நாள்களில் என்னைப் பற்றி என்ன எழுதியிருப்பாய் என்று எனக்குத் தெரிய வேண்டாம் என்றே இருந்துவிட்டேன்.

இன்று வேலை முடிந்து வந்து அந்தப் பையை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறேன். இன்னும் ரப்பர் பேண்டைக் கழற்றவில்லை. முதலில் உனக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டு சத்தம் போடுகிறார்கள்.

என் படிப்பின் கடைசிச் செமஸ்டர் உனக்கு நினைவிருக்கும். பன்னிரண்டு வாரம் எங்காவது இன்டர்ன்ஷிப் செய்தால்தான் பட்டம். நம் ஆள்கள் அதை பிராக்டிக்கல் என்பார்கள். "இன்னும் பிராக்டிக்கல் கெடைக்கலியா?" என்று எங்கள் எஸ்டேட்டு லயத்து வீடுகளில் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள், கல்யாணம் ஆகவில்லையா என்று கேட்கிற அதே குரலில். மாத முடிவுக்குள் இடம் எழுதிக் கொடுக்காவிட்டால் ஒரு செமஸ்டர் தள்ளிப் போகும் என்று விரிவுரையாளர் சொல்லிவிட்டார். கூடப் படித்தவர்களுக்கு மருந்துக் கம்பெனியில் மாமா இருந்தார், ஆய்வு நிறுவனத்தில் சித்தி இருந்தார். எனக்கு இருந்த ஒரே மாமா எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார்.

ஆய்வுக்கூடத்தில் குழாய்களோடு பேசிக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. மனிதர்களை வைத்து நடக்கும் மருத்துவ ஆய்வில்தான் சேர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். காரணம் நீதான். உனக்கு லூப்பஸ், உடம்பே உடம்பைத் தாக்கும் நோய், என்று கண்டுபிடித்ததிலிருந்து ஒவ்வொரு முறையும் உன்னோடு சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு வந்து, அந்தப் பிரிவின் நாற்காலியில் மணிக்கணக்காக உட்கார்ந்து, அங்கே நடப்பதையெல்லாம் வேடிக்கை பார்த்து எனக்கு ஆசை வந்துவிட்டது.

கோலாலம்பூரில் உள்ள கம்பெனிகளுக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. மில் ரோட்டுச் சந்திக் கடையில் பாலில்லாத் தேநீரான தேஓ குடித்துக்கொண்டே என் கைப்பேசியை வாங்கி அந்தக் கடிதத்தைப் படித்தாயே, அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது.

"'டியர் சர் ஆர் மேடம்'. யாருக்குடி எழுதுற? ஆம்பளையா பொம்பளையான்னுகூட தெரியாமயா?"

"அப்படித்தான் எழுதணும் லா."

"இத நீதான் எழுதினியா, இல்ல அந்தக் காலத்துத் தொரை யாராச்சும் எந்திரிச்சு வந்து எழுதிக் குடுத்தாரா?" நீ சிரித்தாய். நோயால் கன்னத்தில் இருந்த சிவப்பு இன்னும் சிவந்தது. பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னாய். "அங்க வர்றவங்க யாரு? நம்மள மாதிரி ஆளுங்கதான. ஒடம்பு முடியாதவங்ககூட ஒக்காந்து பேசத் தெரியும்னு போடு. மூனு பாஷை தெரியும்னு போடு. ரெண்டு வருசமா எங்கூட ஒக்காந்திருக்க, அது எக்ஸ்பீரியன்ஸ் இல்லியா?"

நான் போடவில்லை. நண்பியோடு ஆஸ்பத்திரிக்குப் போனதையெல்லாம் யார் தகுதி என்று மதிப்பார்கள் என்று நினைத்தேன். படித்த திமிர் என்று இதைத்தான் சொல்வார்கள்.

அதற்கு அடுத்த வாரம் உனக்கு ஆய்வு நாள். உங்கப்பா உன்னை மோட்டார் சைக்கிளில் மெயின் ரோடு வரை கொண்டுவந்து விட்டார். நான் முன்பே போய் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். லிங்கிப் பக்கத்திலிருந்து வந்த அந்த பஸ்ஸில் பின் வரிசையில் உட்கார்ந்ததும் நீ ரொட்டிப் பையைப் பிரித்தாய். குறிப்பேட்டில் பதினான்கு நாள்களும் காலி.

"என்னாடி இது?"

"வெரல் பிடிக்க முடியல லா. காலைல பேனாவே நிக்கல. நீ எழுது."

உன் விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. அதனால் நான் எழுதினேன். காலை எட்டு மணி, மாத்திரை போட்டேன். மறுநாள், காலை எட்டு மணி, மாத்திரை போட்டேன். பஸ் குலுங்கும்போது எழுத்தும் குலுங்கியது. உடம்பு எப்படி இருந்தது என்ற கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். நீ தினமும் மாத்திரை போட்டு அரை மணியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். போன வாரம் உங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் உன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றதே நான்தான்.

"வாந்தின்னு போடட்டா?"

"போடாத."

"தெனம் எடுத்திருக்க."

"வாந்தின்னு போட்டா மாத்திரய நிறுத்திருவாங்க லா. வேற எந்த மருந்துதான் எனக்குக் கேட்டுச்சு? இது ஒன்னுதான் இருக்கு. நல்லாருக்குன்னு போடு."

"அப்ப ரெண்டு மூனு நாள காலியாவாவது விடறேன். எழுத மறந்துட்டேன்னு சொல்லிக்கலாம்."

நீ என்னைப் பார்த்த பார்வையில் உங்கப்பாவே இருந்தார். அவர் மண்டோர், வேலையாள்களை மேய்க்கும் கங்காணி. விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆள்கள் வரிசையாக நிற்க, செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தில் கட்டம் கட்டமாகக் குறிப்பார். மழை வந்து, ஆள் சிதறி, சில கட்டங்கள் விடுபட்டுப் போகும். சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து, யார் வந்தார் யார் வரவில்லை என்று உங்கம்மாவைக் கேட்டுக் கேட்டு அத்தனையையும் நிரப்பிவிடுவார். காலிக் கட்டத்தோடு புத்தகம் ஆபீசுக்குப் போனால் கணக்கு பார்க்கும் கிராணி சும்மா விடமாட்டார். நம் எஸ்டேட்டில் பிறந்த எல்லாருக்கும் இது தெரியும். தப்பாக எழுதினாலும் பரவாயில்லை, காலியாக விடக்கூடாது. படித்து ஆய்வுக் கோட்பாடெல்லாம் மனப்பாடம் செய்த எனக்கும் அந்த நேரத்தில் அதுதான் சரியாகப் பட்டது.

மம்பாவ் வரும்போது பதினான்கு நாளும் 'நல்லாருக்கு' ஆகிவிட்டது. நீ பேனாவை வாங்கி மூடி மாட்டி, "கை வலிக்குதா சைண்டிஸ்ட்?" என்று கேட்டாய். நான் அறிவியல் எடுத்த நாளிலிருந்து உனக்கு நான் சைண்டிஸ்ட்தான்.

அங்கே எஸ்தர் அக்கா இருந்தார். ஆய்வு ஒருங்கிணைப்பாளர். கோலா பிலா ரப்பர் எஸ்டேட்டில் பிறந்து, நர்சாக இருந்து, பிறகு இந்த வேலைக்கு வந்தவர். பேச்சு வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. நீ குறிப்பேட்டைக் கொடுத்தாய். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு உன்னை ஒரு முறை பார்த்தார், குறிப்பேட்டைக் கோப்பில் வைத்தார். அப்போது நீ திடீரென்று என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாய்.

"அக்கா, இது என் கூட்டாளி. பிராக்டிக்கலுக்கு எடம் தேடுறா. நல்லா படிக்கிறவ. வாய்தான் கொஞ்சம் நீளம். உங்களுக்கு ஆள் வேணுமா?"

எஸ்தர் அக்கா சிரிக்கவில்லை. "அடுத்த செவ்வாய் பத்து மணிக்கு வரச் சொல்லு" என்றார், நான் அங்கே இல்லாததுபோல. முப்பது நாற்பது மின்னஞ்சலால் ஆகாதது உன் ஒரு தள்ளலில் ஆயிற்று. பொய்க் குறிப்பேட்டைக் கொடுத்த அதே நிமிடத்தில் என் பெயரையும் கொடுத்தாய். பஸ்ஸில் திரும்பி வரும்போது என்னைவிட உனக்குத்தான் சந்தோஷம். ஜன்னலோரம் உட்கார்ந்து, முதல் சம்பளத்தில் நான் உனக்கு என்னென்ன வாங்கித் தர வேண்டும் என்று பட்டியல் போட்டாய். பிராக்டிக்கலுக்குச் சம்பளம் கிடையாது என்று சொன்னபோதும் நிறுத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் உன் நீல பஜுகுரோங் உடுப்பைப் போட்டுக்கொண்டு போனேன். அறையில் எஸ்தர் அக்காவும் ஒரு மலாய்க்கார டாக்டரம்மாவும் இருந்தார்கள். ஒப்புதல் என்றால் என்ன, நோயாளியின் உரிமை என்ன என்று டாக்டர் கேட்டார். நான் புத்தகத்தில் இருந்தபடியே கடகடவென்று ஒப்பித்தேன். டாக்டர் தலையசைத்தார். எஸ்தர் அக்காவுக்குக் கொட்டாவி வந்தது. பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இது பழக்கறதுக்கு வெச்சிருக்கிற தாளு. யாரோடதும் இல்ல. பாத்துட்டு என்னா தோனுதுன்னு சொல்லு."

குறிப்பேட்டின் இரண்டு பக்கங்கள். பதினான்கு நாள். எல்லாம் காலை எட்டு மணி. எல்லாம் நன்றாக இருந்தது. ஒரே பேனா, எழுத்தெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது.

"இது ஒரே நேரத்துல ஒக்காந்து எழுதினது" என்றேன்.

"எப்படித் தெரியும்?"

"பதினாலு நாள் யாரும் சரியா எட்டு மணிக்கே எந்திரிக்க மாட்டாங்க. ஞாயித்துக்கெழமகூட எட்டு மணி. பேனா மாறல. எழுத்தும் மாறல."

எஸ்தர் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். டாக்டரும் பார்த்தார். அந்த அறையில் அப்போதுதான் என்னை ஆளாகப் பார்த்தார்கள். "சரியாச் சொல்ற. எங்க கத்துக்கிட்ட?" என்று கேட்டார் அக்கா.

"நானே இப்படி எழுதியிருக்கேன்."

வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகுதான் எனக்கே கேட்டது. எஸ்தர் அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "போன வாரமா?" என்றார் மெதுவாக. உன் பெயரை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. தமிழ் தெரியாத டாக்டர் என்ன என்று கேட்க, அக்கா மலாயில் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

எனக்கு இடம் கிடைத்தது. மறுநாள் மத்தியானம் எஸ்தர் அக்கா அழைத்தார். "தப்ப ஒத்துக்கிட்டதுக்குத்தான் உனக்கு மார்க்கு. மத்ததெல்லாம் மனப்பாடம். திங்கக்கெழம வா. அந்த ஆய்வோட அலமாரிப் பக்கம் மட்டும் போகக்கூடாது. ஏன்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

உன்னிடம் வந்து சொல்ல எனக்கு இரண்டு நாள் இருந்தது. உங்கள் வீடு எங்கள் வீட்டிலிருந்து ஆறாவது கதவு. நான் வரவில்லை. அதற்குள் உன்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீயே நடந்து வந்தாய். முகம் வீங்கி இருந்தது. எங்கம்மா, "வா பிள்ள, தே குடிக்கிறியா?" என்று கேட்டுத் தேநீர் ஊற்றிவைத்தார்.

"சொல்றதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"வாய் தவறி..."

"பதினாலு கோடு போட்டேன்டி. பள்ளிக்கூடத்துல தப்பு பண்ணவள ஒக்கார வெச்சு எழுத வெக்கிற மாதிரி. நீ எழுதினத ஒன்னொன்னா கோடு கிழிச்சு, பக்கத்துல வாந்தி, வாந்தி, வாந்தின்னு எழுதி, ஒவ்வொன்னுக்கும் கையெழுத்து. வெரல் வலில உயிரே போச்சு." நீ மூச்சு வாங்கினாய். "மாத்திரய நிறுத்திட்டாங்க. உனக்கு எடம் கெடச்சுது. எனக்கு எடம் போச்சு. நல்லா இரு."

நீ போன பிறகு எங்கம்மா, நீ தொடாமல் விட்ட தேநீரைக் கொண்டுபோய்க் கொட்டினார். எங்கள் வீட்டுக்கு வந்து நீ ஒன்றும் சாப்பிடாமல் போனது அதுதான் முதல் தடவை.

ரத்தப் பரிசோதனையில் உன் ஈரல் எண்கள் ஏறிக்கொண்டே இருந்ததையும், ஏன் என்று தெரியாமல் டாக்டர்கள் குழம்பிக்கொண்டிருந்ததையும், வாந்தி என்று எழுதியதும்தான் அந்த மாத்திரையே காரணம் என்று அவர்களுக்கு விளங்கியதையும் நான் பின்னால், உன் வாயால்தான் கேட்டேன். மாத்திரையை நிறுத்திய மூன்று வாரத்தில் ஈரல் தேறியது. நீ பழைய மருந்துக்கே திரும்பினாய். அதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஆறு கதவு தள்ளி இருக்கிற உன்னிடம் பேச முடியவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

பன்னிரண்டு வார இன்டர்ன்ஷிப்பில் முதல் மாதம் முழுக்க நகல் எடுத்தேன், கோப்புகளுக்கு எண் போட்டேன், வர வேண்டிய நாளை நினைவுபடுத்தி நோயாளிகளுக்குப் போன் செய்தேன். ஒரு நாள், முதல் நாள் பேசிய அழைப்பைக் குறிக்க மறந்து, மறுநாள் உட்கார்ந்து முதல் நாள் தேதியைப் போட்டு எழுதிவிட்டேன். எஸ்தர் அக்கா அந்தத் தாளை என் முன்னால் போட்டார். பஸ்ஸில் எழுதிய கதையை நீ அவரிடம் சொல்லியிருந்தாய்.

"நீ இன்னும் பஸ்ஸுலதான் ஒக்காந்திருக்க" என்றார். "மறந்தத பின்னால எழுதலாம், தப்பில்ல. ஆனா எழுதுற அன்னிக்குத் தேதியத்தான் போடணும். லேட்டா எழுதினதுன்னு எழுதிட்டு, கையெழுத்து போடு. அடுத்தவங்க எழுதின எடத்துல கை வெக்காத. அழிக்காத. கோடு போட்டா கீழ இருக்கிறது படிக்கிற மாதிரி இருக்கணும்."

அன்றைக்கு நான் கழிப்பறையில் போய் அழுதேன். திட்டு வாங்கியதற்காக இல்லை. அந்தத் திட்டைக் கொண்டுபோய்ச் சொல்லிச் சிரிக்க நீ இல்லையே என்பதற்காக. நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் மில் ரோட்டுச் சந்திக்கு வந்து உன்னிடம் சொன்னால்தான் எனக்கு அது நடந்து முடிந்ததாக இருக்கும். இன்றைக்கும் அப்படித்தான். சொல்ல ஆள் இல்லாமல் எத்தனையோ விஷயங்கள் எனக்குள் பாதி நடந்த மாதிரியே கிடக்கின்றன.

மாத்திரையை நிறுத்தினாலும் உடம்பைப் பார்க்க உன்னை வரச் சொல்லியிருந்தார்கள். ஆறாவது வாரம் நீ வந்தாய். நான் வெளி பெஞ்சில் ஒரு பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீரிழிவு மருந்து ஆய்வுக்கு வந்தவர், எஸ்டேட்டு ஆள். டாக்டர் மலாயில் சொன்னதை அவருக்குத் தமிழில் சொல்வது என் வேலை. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், விலகினாலும் வைத்தியம் நிற்காது என்று சொல்லிக்கொண்டு போனேன். ஒவ்வொன்றுக்கும் அவர் "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டினார். பேனாவை எங்கே வைக்க வேண்டும் என்றுதான் அவர் கண் தேடியது.

எதிர் பெஞ்சில் ரொட்டிப் பையை மடியில் வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்க்காமல், அவரைப் பார்த்துச் சொன்னாய்.

"பெரியம்மா, அவ சொல்றது ஒன்னும் புரியலன்னா புரியலன்னு சொல்லுங்க. சும்மா தலையாட்டாதீங்க. புக்கு மாதிரி பேசுவா, எனக்கே புரியாது."

பெரியம்மா திடுக்கிட்டு, பிறகு சிரித்துவிட்டார். "ஆமா பிள்ள, ஒன்னும் வெளங்கல" என்றார். "கையெழுத்து போடலன்னா டாக்டர் கோச்சிக்குவாரோன்னு பாத்தேன்."

"கோச்சிக்க மாட்டாங்க. ஒடம்பு எப்படி இருக்கோ அப்படியே சொல்லுங்க. ஒரு நாளு மாத்திர போடலன்னா போடலன்னே சொல்லிருங்க. நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லித்தான் நான் மாட்டினேன்."

வெளி பெஞ்சில் வைத்து அதையெல்லாம் பேசியது தப்பு என்று எஸ்தர் அக்கா பிறகு என்னை வறுத்தெடுத்தார். ஆனால் நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டது அந்தப் பெஞ்சில்தான்.

அன்று மத்தியானம் நீயும் நானும் கேண்டீனில் உட்கார்ந்தோம். ஒரு தட்டு நாசி லெமாக் தேங்காய்ச் சோறு, இரண்டு தேஓ. நெத்திலியை எல்லாம் என் பக்கம் ஒதுக்கினாய், எப்போதும்போல. நீ என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய்.

"எதுக்குடி சொன்ன?"

"உனக்காகத்தான். உன் ஒடம்பு கெட்டுப்போயிடுமேன்னு பயந்துதான் சொன்னேன்."

நீ தேஓவை ஆற்றிக்கொண்டே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு, "சரி லா" என்றாய். "நெத்திலி சாப்புடு, ஆறிப்போவுது."

அவ்வளவுதான். ஆறு வாரம் முடிந்தது. அதற்குப் பிறகு நமக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு கிடைத்தது. நான் படிப்பை முடித்தேன், அதே பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன், முதல் சம்பளத்தில் உன் பட்டியலில் இருந்ததில் பாதியை வாங்கிக் கொடுத்தேன். மீதிப் பாதி நின்றுபோயிற்று. மழை மாதத்தில் உனக்கு நெஞ்சில் சளி கட்டியது, ஒன்பதே நாள். அந்தப் பழைய மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். நான் எஸ்தர் அக்காவிடம் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அவர் பொறுமையாக அதே பதிலைச் சொன்னார்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ரப்பர் பேண்டைக் கழற்றப் பார்த்தேன், இற்றுப்போய் அறுந்துவிட்டது.

நோட்டு முழுக்க நீயே கோடு போட்டு, ஆய்வில் கொடுத்ததைப்போலவே கட்டம் கட்டியிருக்கிறாய். தேதி, மாத்திரை, உடம்பு. மாத்திரையை நிறுத்திய மறுநாளிலிருந்து தொடங்குகிறது. யாரும் எழுதச் சொல்லவில்லை, யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. ஆனாலும் எழுதியிருக்கிறாய். 'வலி.' 'வலி இல்ல.' 'காலு வீக்கம், அம்மாவிடம் சொல்லல.' 'அப்பா கூட சண்ட.' நடுநடுவே காலிக் கட்டங்கள். ஒன்றல்ல, நிறைய. எழுத முடியாத நாளை எழுத முடியாமலே விட்டிருக்கிறாய். மண்டோர் மகள் இப்படி விட்டதைப் பார்த்தபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அழுகையும் வந்தது.

பேசாமல் இருந்த ஆறு வாரத்தில் என்னைப் பற்றி மூன்றே இடத்தில் எழுதியிருக்கிறாய். முதல் இடத்தில் கெட்ட வார்த்தை. இரண்டாவதில், 'சைண்டிஸ்ட் வீட்டு வெளக்கு எரியுது.' மூன்றாவது அந்த கேண்டீன் நாள். அதை அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்.

'வலி இல்ல. கேண்டீன்ல சாப்டோம். எனக்காகத்தான் சொன்னேன்னா. பொய். வேல கெடைக்கணும்னு வாய விட்டிருப்பா. அவள எனக்குத் தெரியாதா. பரவால்ல. பிழைச்சுக்குவா.'

பக்கத்தில் உன் முதலெழுத்து, அன்றைய தேதி. எஸ்தர் அக்கா சொல்லிக் கொடுத்தபடியே.

உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே நெத்திலியை என் பக்கம் தள்ளியிருக்கிறாய். இரண்டு ஆண்டுகள் என் பொய்யைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என்னோடு சிரித்திருக்கிறாய். நீ ஒரு முறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எழுத வந்தேன். சொல்லியிருக்க மாட்டேன். உன்னிடம் இன்னும் என்னத்துக்குப் பொய்.

இன்று காலை அந்த அங்கிளின் குறிப்பேட்டில் மூன்று நாள் காலியாக இருந்தது. "மறந்துட்டேன் மிஸ்ஸி, இப்ப எழுதிறவா?" என்று பேனாவைத் தேடினார். "வேணாம் அங்கிள், காலியாவே இருக்கட்டும். ஒடம்பு எப்படி இருக்கோ அப்படியே சொல்லுங்க. ஒரு நாளு மாத்திர போடலன்னா போடலன்னே சொல்லிருங்க" என்றேன். புதிதாகச் சேர்கிற எல்லாரிடமும் முதல் நாளே நான் சொல்லும் வார்த்தை இது. கையேட்டில் இருப்பதை நான் நம்மூர்ப் பேச்சில் சொல்வதாக இங்கே எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது நீ பெஞ்சில் உட்கார்ந்து பெரியம்மாவிடம் சொன்னது. ஒரு வார்த்தை மாற்றாமல் வைத்திருக்கிறேன்.

உன் நோட்டில் நான் கை வைக்க மாட்டேன். அது நீ எழுதிய இடம். கடைசியாக நீ எழுதிய நாளுக்குக் கீழே இன்னும் பதினோரு கட்டம் கோடு போட்டுத் தயாராக இருக்கிறது, அவையும் அப்படியே இருக்கட்டும். என்னுடையதை என் தாளில் திருத்திக்கொள்கிறேன்.

கேண்டீனில் நீ கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில்: உனக்காகத்தான். இதன்மேல் ஒரு கோடு போடுகிறேன், கீழே இருப்பது படிக்கத் தெரிகிற மாதிரி. பக்கத்தில் எழுதுகிறேன்: எனக்காக. அந்த அறையில் என்னைக் கெட்டிக்காரி என்று நினைக்க வேண்டும் என்பதற்காக. உன்னைக் கேட்காமல் சொன்னதற்கு மன்னிப்பு கேட்கவும் இல்லை, அதையும் இப்போது கேட்கிறேன்.

லேட்டாக எழுதியது. தேதி இன்றையதுதான். கீழே என் முதலெழுத்தைப் போட்டிருக்கிறேன்.